காலண்டரில் இல்லாத என் எழுத்து

மூன்று வருடத்துக்கு முன்பு விராலிமலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த இரண்டு தோழிகளோடு வாடகை வீட்டில் தங்கியிருந்தேன். ஒருத்திக்கு ஊர் அன்னவாசல், இன்னொருத்திக்கு மீமிசல். நான்கு வருடம் என்னோடு பழகியவன், வீட்டில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள் என்று ஒருநாள் போனில் சொல்லி, அத்தோடு முடித்துக்கொண்டான். வேலைக்குப் போனேன், வந்தேன். சோறுதான் இறங்கவில்லை. இனி நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு ராத்திரி புலம்பினேனாம். எனக்கே அது சரியாக நினைவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் மீமிசல்காரி ஸ்கூட்டியை எடுத்தாள். மூன்று பேரும் நெருக்கியடித்து ஏறி, ஹைவேயில் லாரிக்காரர்கள் சாப்பிடும் பரோட்டா கடைக்குப் போனோம். மணி பதினொன்று. கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவளோ சாவகாசமாக உட்கார்ந்து, "அண்ணே, சால்னா நல்லா ஊத்துங்க" என்றாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒன்றரைப் பரோட்டா சாப்பிட்டேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் வாரம் மூவரும் போனோம். பிறகு என்னோடு ஒருநாள் இவள், ஒருநாள் அவள். திருவிழாக் கச்சேரி, பக்கத்து ஊர் மின்னொளி கபடி, எதையும் விடவில்லை. நான் வழிநெடுக அவன் புராணம் பாடுவேன். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விரதம் இருக்கும் அன்னவாசல்காரி, வெறும் டீயோடு உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடாமல் எதற்கு வந்தாய் என்று அவள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அடுப்படியில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். கட்டங்களில் 'அ', 'மீ' என்று மாறி மாறி எழுதியிருக்கும். பால் பாக்கெட் வாங்கும் முறை என்று நினைத்தேன். என் எழுத்து மட்டும் இல்லை. சோகத்தில் இருக்கிறாளே என்று சலுகை காட்டுகிறார்கள் போல என நினைத்து நானும் கம்மென்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் பால் இல்லை. கட்டத்தில் 'அ' இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த அன்னவாசல்காரியை எழுப்பி, உன் முறைதானே, ஏன் வாங்கவில்லை என்று சண்டைக்கு நின்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அது பாலுக்கு இல்லடி. ஒனக்கு."

மீமிசல்காரிதான் விவரம் சொன்னாள். நான் புலம்பிய ராத்திரி இரண்டு பேரும் பயந்துபோய், என்னைத் தனியாக விடுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறார்கள். யார் முறையோ அவள் என்னை வெளியே கூட்டிப்போக வேண்டும். நான் தூங்கிய பிறகுதான் அவள் தூங்க வேண்டும்.

வெட்கமாக இருந்தது. அழுதேன். முதல் தடவையாக அது அவனுக்கான அழுகை இல்லை. பேனாவை எடுத்து அன்றைய 'அ'வை அடித்துவிட்டு, என் ஊரின் முதல் எழுத்தை எழுதினேன்.

"இன்னைக்கு என்னைய நானே பாத்துக்கிறேன். நீ தூங்குடி."

அன்று ராத்திரி தனியாகவே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் முழித்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் முகம் இப்போது மங்கிவிட்டது. எனக்காகத் தூங்காமல் இருந்த அந்த இரண்டு பேரை நினைக்கும்போதெல்லாம், என் உயிரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது.