வண்டி ஓட்டுகிறவனுக்குச் சொல்லாத செய்தி

அப்பா இறந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பசறை பஸ் ஸ்டாண்டில் தெரிந்திருந்தது. எல்ல டவுனில் என்னோடு வேன் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை முழுக்க, உயிரோடிருக்கும் அவருடைய ஒரே மகனாகிய நான், மிரிஸ்ஸவிலிருந்து எல்லவுக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை வழியில் யானை காட்டி அழைத்து வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ட்ரான்ஸ்ஃபர் என்று பெயர். கடற்கரை ஹோட்டலில் ஆளையும் பெட்டியையும் ஏற்றி மலை ஹோட்டலில் இறக்க வேண்டும். முன்பெல்லாம் அவ்வளவுதான். காலையில் புறப்பட்டால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இப்போது வருகிறவர்களுக்கு ஒரு நாளை வீணாக்கப் பிடிப்பதில்லை. எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறோம், உடவளவையில் இறங்கி யானையும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். அங்கே சரணாலயப் பார்க் வாசலில் ஜீப் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். பெட்டிகள் வேனில் கிடக்கும். நாங்கள் சீட்டைச் சாய்த்துப் போட்டு, அந்தப் பெட்டிகளுக்குக் காவலாகப் படுத்திருப்போம். அவர்கள் தலையெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அரை நாள் ஓட்டம் முழு நாளாகிவிடும். தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கடற்கரையிலிருந்து எல்ல என்றால் மத்தியானம் வந்துவிடுவான் என்பதுதான் அவர்கள் கணக்கு. அன்றைக்கு நடந்த கேடு முழுவதும் அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

வண்டியில் இருக்கிறவனுக்கு எழவு சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பொதுவான வழக்கம்தான். எங்கள் வீட்டில் அது சட்டம். காரணம் என் அண்ணன்.

அண்ணன் வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டினான். கோவா, லீக்ஸ், கரட் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வெறும் லொறியோடு திரும்புவான். சித்தப்பா இறந்த அன்று அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான். அப்பாதான் போன் பண்ணினார். "சித்தப்பா போயிட்டாருப்பா. சாயந்தரம் எடுக்குறோம். வந்து சேரு" என்றார். அதில் என்ன தப்பு? சாதாரணமாக எந்த அப்பாவும் சொல்வதுதான். அண்ணன் விரட்டிக்கொண்டு வந்தான். பெரகலைக்குக் கீழே ஒரு வளைவில் லொறி திரும்பவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு மண் போட்டோம்.

அதற்குப் பிறகு அப்பா போனைக் கையால் தொட்டதில்லை. நான் ஹயர், அதாவது வாடகை ஓட்டம் போகும்போது எப்போது வருவாய் என்றுகூடக் கேட்க மாட்டார். கேட்டால் அந்த நேரத்துக்கு வந்து சேர நான் விரட்டுவேனாம். யாராவது கேட்டாலும் "வர்றப்ப வரட்டும், விடு" என்பார். நெஞ்சில் சளி கட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அப்படித்தான். வியாழக்கிழமை காலையில் நான் வேனை எடுக்கும்போது தலையணையில் சாய்ந்துகொண்டிருந்தார். மூச்சு விசில் மாதிரி இழுத்தது. போகவா வேண்டாமா என்று நின்றேன். "எனக்கு ஒன்னுமில்ல, போயிட்டு வா" என்றார். நம்பிவிட்டேன். நம்ப எனக்கும் வசதியாக இருந்தது.

அன்று சாயந்தரமே போய்விட்டார். நான் மிரிஸ்ஸவில் ட்ரைவர்மாருக்குக் கொடுக்கும் அறையில், மீன் பொரியலோடு சோறு தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளி. அதற்கடுத்து சனி. சனிக்கிழமை பிணம் எடுத்தால் அது துணைக்கு ஆள் தேடும் என்று லயத்தில் ஒரு பயம் உண்டு. ஞாயிறு வரைக்கும் கெடாமல் வைத்திருக்க உடம்புக்கு ஊசி மருந்து எதுவும் போடவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை, இருட்டுவதற்குள் எடுத்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்கள். மகன் எப்படியும் மத்தியானத்துக்குள் வந்துவிடுவான், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றும் முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது மச்சான் போனில் கூப்பிட்டார். என் மனைவியின் அண்ணன் அவர். தோட்ட ஆபீசில் வேலை. பொய் சொல்ல வராத மனுஷன்.

"மச்சான், சீக்கிரம் வந்துருங்க" என்றார். உடனே, "ஆனா மெதுவா வாங்க. அவசரமில்ல" என்றார்.

"சீக்கிரம் வரவா, மெதுவா வரவா? ஒன்ன சொல்லுங்க."

"அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அவரா? என்னையா? என்ன மச்சான், காலங்காத்தால சிரிப்பு காட்டுறீங்க?"

மச்சான் பேச்சை மாற்றினார். "மூணு மணிக்குள்ள வந்துருவீங்கதானே?" என்றார். ட்ரைவரிடம் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ரோட்டில் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "வர்றப்ப வருவேன்" என்று வைத்துவிட்டேன். சஃபாரி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவர் சொல்லாததும் நான் சொல்லாததும் அந்த ஒரு நிமிஷத்திலேயே சேர்ந்து என் குடியைக் கெடுத்துவிட்டன.

ஆனாலும் மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வழியில் மனைவிக்குப் போன் போட்டேன். "அப்பா எப்பிடி இருக்காரு?" என்றேன். "படுத்திருக்காருங்க" என்றாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். என்ன கூட்டம் என்று கேட்டதற்குக் குழாயடியில் சண்டை என்றாள். எங்கள் லயத்தில் குழாயடியில் சண்டையில்லாத நாள் கிடையாது. அதையும் நம்பினேன்.

மத்தியானம் உடவளவை பார்க் வாசலில் எல்லக்காரன் ஒருவன் வேனோடு நின்றான். பத்து வருஷப் பழக்கம். பார்த்தவுடன் தோளில் கை போட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டு, தன் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினான். அவன் அப்படிக் கொடுக்கிற ஆள் இல்லை. பிறகு மெல்ல, "ஒன் ஆளுங்க சஃபாரி முடிச்சு வரட்டும், நான் கூட்டிட்டு வந்து எல்லயில எறக்கிடறேன். நீ இப்பவே வண்டிய எடுத்துட்டு கெளம்பு" என்றான்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "என்னடா, என் ஹயர புடுங்கப் பாக்கிறியா?" என்று கேட்டேன்.

அவன் முகம் செத்துவிட்டது. அவனுக்கு விஷயம் தெரியும். எங்கள் வீட்டுச் சட்டமும் தெரியும். என் அண்ணனைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தவர்களில் அவனும் ஒருவன். அவன் எப்படி என்னிடம் சொல்லுவான்? சோற்றுப் பார்சலை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜீப்காரனுக்குச் சிங்களம் தவிர ஒன்றும் தெரியாது. நீயும் வந்து விளக்கிச் சொல் என்று அந்தத் தம்பதி என்னைப் பிடித்து இழுத்தார்கள். நல்ல மனுஷர்கள். முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. வேனைப் பூட்டிவிட்டு ஏறினேன். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போனில் கவரேஜ் போய்விட்டது.

காய்ந்த புல்லும், முள் மரமும், குளத்துத் தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கிற மரங்களுமாக அந்தக் காடு அன்று எனக்குச் சுடுகாடு மாதிரித்தான் தெரிந்தது. இப்போது நினைத்துச் சொல்லவில்லை, அப்போதே அப்படித்தான் இருந்தது. எருமை பார்த்தோம். மயில் பார்த்தோம். குட்டிகளோடு ஒரு யானைக் கூட்டம் பார்த்தோம். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தாள். திரும்பலாம் என்று ஜீப்பைத் திருப்பும்போது, பாதையின் நடுவில் ஒரு ஒற்றை யானை வந்து நின்றது.

ஜீப்காரன் எஞ்சினை அணைத்துவிட்டான். அது மதத்தில் இருக்கிறது, அசையாதீர்கள் என்று சைகை காட்டினான். யானை எங்களைப் பார்த்தபடி நின்றது. மண்ணை உதைத்து அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது. பின்னால் ஏழெட்டு ஜீப் சேர்ந்துவிட்டது. ஒருவருக்கும் அவசரமில்லை, எல்லாருக்கும் கொண்டாட்டம். நான் மட்டும் கையைக் கூப்பி, "புள்ளையாரப்பா, வழிய விடு. வீட்டுக்குப் போவணும்" என்றேன். அந்த அம்மாள் அதையும் படம் எடுத்தாள். வெயில் சாய்கிற வரைக்கும் அது நின்றது. பிறகு எதுவுமே நடக்காதது போலக் காட்டுக்குள் இறங்கிப் போனது. எங்கள் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல நாள் என்று அந்த மனிதர் என் கையைக் குலுக்கினார்.

வாசலுக்கு வந்ததும் போன் துடித்தது. மச்சான் எத்தனை தடவை அடித்திருக்கிறார் என்று பார்க்கவே பயமாக இருந்தது. திருப்பி அடித்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"இப்பதான் பார்க்குலருந்து வெளிய வந்தோம்."

"எந்த பார்க்கு?"

"உடவளவ. யானை பாக்க."

யாரோ பக்கத்தில் "வந்துட்டானா, வந்துட்டானா" என்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு மச்சான், "சரி, மெதுவா வாங்க. இனி அவசரமில்ல" என்றார்.

"அவசரமில்லைன்னா ஏன்யா இத்தன தடவ அடிச்சீங்க?" என்று கத்தினேன். அவர் வைத்துவிட்டார். எனக்காகத் தாமதித்துத் தாமதித்து, வெளிச்சம் போகப் போகிறதே என்று அப்போதுதான் பெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். எங்கள் மலையில் பொழுது சீக்கிரம் போய்விடும்.

தணமல்வில, வெல்லவாய. அதற்குப் பிறகு மலை ஏற்றம். இரண்டு பேரும் பின்னால் தூங்கிவிட்டார்கள். எல்லயில் இறக்கிவிட்டுப் பசறை ரோட்டில் திருப்பினேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற சந்திக்கு முன்னால் ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். யாரோ போய்விட்டார்கள் போல, பாவம் என்று ரேடியோவை நிறுத்தினேன். வளைவில் திரும்பினேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் அப்பா நின்றார்.

பேனர். இரண்டு கம்பத்துக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு, ஐடென்டிட்டி கார்டுப் படத்தைப் பெருசாக்கிப் போட்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுதியிருந்தது. எல்லாரும் வாயைப் பூட்டினார்கள். போனைப் பூட்டினார்கள். தோட்டத்துப் பொடியன்கள் காசு சேர்த்துப் பேனர் அடித்துக் கட்டியதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஸ்டியரிங் கையில் இருக்கும்போது எனக்குத் தெரியக் கூடாது என்று ஒரு ஊரே பாடுபட்டது. எனக்கு ஸ்டியரிங் கையில் இருக்கும்போதுதான் தெரிந்தது.

வேன் எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியிருந்தது. என்னை வழிமறித்து இறக்கி, தானே வேனை ஓட்டி வருவதற்காக மச்சான் சந்தியில் காத்திருந்திருக்கிறார். மழைக்குக் கடைக்குள் ஒதுங்கியிருந்தவர் ஓடி வந்து கதவைத் திறந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லயத்தில் எல்லாம் முடிந்திருந்தது. வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. சித்தப்பா மகன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். நான் உடைக்க வேண்டிய குடத்தை அவன் உடைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டான்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் வாயில் வராத வார்த்தையில்லை. "நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு வார்த்த சொல்ல முடியாதா? யானை பாத்துட்டு வந்தேன்யா நான்! எங்கப்பன் இங்க கெடக்க, யானை பாத்துட்டு வந்தேன்! யாரு முடிவு பண்ணது இத? வெளிய வாங்கய்யா!" மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி அழுதாள்.

அம்மா உள்ளே இருந்தபடியே, "கத்தாத" என்றாள். "ஒங்கப்பாதான் முடிவு பண்ணாரு."

மூச்சு முட்டும்போது மச்சான் எனக்குச் சொல்லப் போனை எடுத்திருக்கிறார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாராம். விடவே இல்லையாம். இழுத்து இழுத்துச் சொன்னதை அம்மா அப்படியே சொன்னாள்.

"அவன் வண்டியில இருக்கான். சொல்லாதீங்க. எனக்கு மண்ணு போட ஊரே இருக்கு. நான் ஒரு புள்ளைக்கு மண்ணு போட்டது போதும்."

அதற்கு மேல் கத்த எனக்கு ஆள் இல்லை. சண்டை போடுவதென்றால் அவரோடுதான் போட வேண்டும். அவரையோ இருட்டுவதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.