அவள் வரைந்த ஸ்டூல்

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காக மடித்து, பழைய அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். 'உங்கள் வேலை திருப்தியாக இருக்கிறதா?' என்ற கேள்விக்குக் கீழே ஐந்து முகங்கள். அழுகிற முகத்தில் டிக் அடித்திருந்தாள். 'என்ன வேண்டும்?' என்ற இடத்தில் எழுத்தே இல்லை. நீலப் பேனாவால் ஒரு ஸ்டூல் வரைந்திருந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் நான் லைன் லீடராக இருந்த கம்பெனியில் அவள் சேர்ந்தபோது பத்தொன்பது வயது. ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வருவாள். கார்களுக்குப் போகும் வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிடித்துத்தான் செய்தாள். ஆனால் ஷிப்ட் முழுக்க நின்றபடியே செய்ய வேண்டும். சாயங்காலம் செருப்புக்குள் நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கியிருக்கும். "கை நல்லா ஓடுதுண்ணா, காலுதான் பேஜார் பண்ணுது. குந்திக்கினு செஞ்சா இன்னும் பத்து வருசம் இங்கயே இருப்பேன்" என்பாள்.

"பேர் எழுத வேணாம், மனசுல இருக்கறத எழுதுங்க" என்று தாள்களைக் கொடுத்தவனே நான்தான். ஆனால் எந்த லைனிலிருந்து அழுகிற முகம் வந்தாலும், மறுநாள் காலை மீட்டிங்கில் அந்த லீடரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள். அப்போது என்னை ஆபீஸுக்கு உயர்த்துவதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தாளை உருவிக்கொண்டு, வேறொரு தாளில் சிரிக்கிற முகத்துக்கு நானே டிக் அடித்து வைத்தேன். சீ, என்ன பிழைப்பு!

மூன்று மாதம் காத்திருந்தாள். ஸ்டூல் வரவில்லை. வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்ல வந்தவள், போகும்போது கேட்டாள்: "நான் வரஞ்சத பாத்தாங்களாண்ணா?"

"பாத்தாங்கம்மா" என்றேன்.

"பாத்துமா குடுக்கல? சரி வுடுண்ணா. இனிமே எங்கயும் எதுவும் கேக்க மாட்டேன்."

இப்போது நான் ஆபீஸில். முகங்களும் செல்போனுக்கு வந்துவிட்டன. இந்த வருஷம் அந்த லைனில் எல்லாருமே சிரிக்கிற முகத்தைத்தான் அழுத்தியிருக்கிறார்கள். 'என்ன வேண்டும்?' என்ற இடம் ஒன்றுவிடாமல் காலி. யாரும் எதையும் மாற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அதே லைனில் புதுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இப்போதாவது மேலே சொல்லலாம் என்று அந்தத் தாளை எடுத்துப் பிரித்தேன். மறுபடி நான்காக மடித்து அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டேன். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான்.