அண்ணாமலையார் மிச்சம் வைத்த ஒரு தாள்

1998, கார்த்திகை மாதம். சென்னையில் ஒரு காசநோய் மாநாட்டில் நான் பேச வேண்டியிருந்தது. எனக்கு முந்தியவர் பேசிக்கொண்டிருந்தபோது பையைத் திறந்து என் தாள்களை எடுத்தேன். மேல் தாளில் ஒரு எழுத்துகூடப் படிக்கிற மாதிரி இல்லை.

நான் அப்போது திருவண்ணாமலையில் அரசு டாக்டர். காசநோய்க்கு மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் பலர் நிறுத்திவிடுவார்கள். நோய் இன்னும் மூர்க்கமாகத் திரும்பும். கீழ்பென்னாத்தூர் செல்வி இரண்டு முறை அப்படி நிறுத்தியவள். வேர்க்கடலை உடைக்கிற வேலை.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா அன்னிக்குக் கூலி போயிடுது டாக்டரம்மா. புள்ளைங்களுக்கு யாரு சோறு போடறது?" என்றாள்.

நியாயமான கேள்விதானே? அதனால் அந்தந்தத் தெருவிலேயே நம்பகமான ஒருவரிடம் மாத்திரையைக் கொடுத்து, அவர் கண்முன்னால் விழுங்க வைத்தோம். செல்விக்குப் பக்கத்து வீட்டுப் பூக்காரம்மா. பாதியில் நிறுத்துகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். அதுதான் என் ஆராய்ச்சி.

ஆனால் மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "பூக்காரம்மா கையில மருந்தா? மாநாட்டுல பெரியவங்க ஒத்துக்கிட்டா பார்க்கலாம். இல்லன்னா நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். செல்விக்குப் பாதி சிகிச்சை பாக்கி இருந்தது. மூன்றாவது முறையும் விட்டால் மருந்து கேட்குமா என்பதே சந்தேகம்.

மாநாட்டுக்கு நான் எடுத்துப்போனவை திரையில் ஒளி பாய்ச்சிக் காட்டுவதற்கான கண்ணாடித் தாள்கள். கணவர் அழியாத மைப் பேனா ஒன்று வாங்கி வந்தார். ஊர்களைக் காட்டும் வரைபடத்தைப் போட்டதுமே அது தீர்ந்துவிட்டது. "பார்த்து வாங்க மாட்டீங்களா?" என்று அவரைக் கடித்துக் குதறினேன். மற்றத் தாள்களைத் தண்ணீரில் கரையும் பேனாவால் எழுதினேன்.

கிளம்பிய காலையில், நான் குளிக்கப் போன நேரத்தில், மாமியார் அந்தத் தாள்களை அண்ணாமலையார் படத்துக்கு முன் வைத்திருக்கிறார். புது சைக்கிளோ கல்யாணப் பத்திரிகையோ, சந்தனம் குங்குமம் படாமல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. ஒரு தாள் விடாமல் நாலு மூலைக்கும் பொட்டு. போதாததற்குப் பன்னீரும் தெளித்து, பத்திரமாக மூடி என் பையில் வைத்துவிட்டார். பாவம், நல்ல மனசு.

சென்னையில் பிரித்தால், தாளோடு தாள் ஒட்டி எழுத்தெல்லாம் கரைந்து கிடக்கிறது. எதிரே மண்டபம் நிறையப் பெரிய டாக்டர்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கண்ணை மூடினேன். "அண்ணாமலையாரப்பா, என் மானம் போனா போவட்டும். செல்வியை மட்டும் கைவிட்டுடாதே." வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்து கடைசித் தாளை உரித்தேன். வரைபடம்! முந்தானையால் துடைத்தேன். சந்தனம் போயிற்று, மை அப்படியே இருந்தது.

அந்த ஒரே தாளைத் திரையில் போட்டேன். கீழ்பென்னாத்தூர்ப் புள்ளியில் விரலை வைத்துப் பேச ஆரம்பித்தேன். செல்வி வராத நாளில் பூக்காரம்மா கூடையோடு அவள் வாசலில் போய் நிற்பதைச் சொன்னேன். மாதக்கணக்கில் நானே போட்ட கணக்கு, எண்களும் தானாக வந்தன.

தலைமை வகித்த டாக்டர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். "அந்தம்மாவுக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். பக்கத்து வீட்டுப் பொண்ணு பொழைக்கணும்னு பார்க்கறாங்க."

அவர் எழுந்து வந்து வரைபடத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "இதை நிறுத்தாதீங்க. இன்னும் நாலு ஊர்ல ஆரம்பிங்க" என்றார். நான் மேடையிலேயே அழுதுவிட்டேன்.

பேனா ஏன் அந்த ஒரு படத்தோடு தீர வேண்டும்? தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அது அவன் கருணை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். மாமியார் இன்றும் பொட்டு வைக்கிறார். பையின் வெளிப்பக்கத்தைத்தான் நீட்டுகிறேன்! அன்பர்களே, உங்களுக்கும் கையிலிருப்பதெல்லாம் கரைந்துபோன நாள் வரலாம். அப்போது அவனைக் கூப்பிடுங்கள். ஒரு தாளாவது மிச்சம் வைத்திருப்பான்.

மறு வருடம் குணமாகிவிட்ட செல்வியோடு கிரிவலம் போனேன். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்கி, இருமல் வந்து நின்றுவிட்டேன். முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா டாக்டரம்மா, பூக்காரம்மாகிட்ட சொல்லட்டுமா?"