போன தண்ணீர், வந்த தண்ணீர்

என் மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ஊசி மருந்து வந்த குப்பி. ரப்பர் மூடி இறுகிப்போய்விட்டது. உள்ளே ஐந்து கல் துண்டுகள். பெரியது துவரம்பருப்பு அளவு, சிறியது கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அவை என் உடம்பிலிருந்து வந்தவை அல்ல, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. என் வலது சிறுநீரகத்திலும் ஒரு கல் இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்ன நாளிலிருந்து இந்தக் குப்பியை எடுத்து ஆட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வைப்பேன், மறுபடி எடுப்பேன். "இன்னாங்க அது, கிலுகிலுப்பையா? காலைல இருந்து ஆட்டிக்கினே இருக்கறீங்களே" என்று என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். ஆட்டும்போதெல்லாம் எனக்கு டாக்டரம்மாவின் நினைப்புதான்.

இந்த ஊர் மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் நான் உதவியாளனாக வேலை பார்த்தேன். உள்ளே எத்தனை பஞ்சு போனது, எத்தனை வெளியே வந்தது, ஊசி எத்தனை, கத்தி எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. கோபுரத்தைப் பார்த்தால் கலசத்தை எண்ணுவேன். பேருந்தில் ஏறினால் தலையை எண்ணுவேன். சிறுநீரகக் கல்லுக்கு என்று அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த டாக்டரம்மா என்னைவிட மிகவும் இளையவர். முதல் வாரத்திலேயே எனக்குக் "கணக்கண்ணே" என்று பெயர் வைத்துவிட்டார். நிதானம் என்பது அவரிடம் கிடையாது. வேலை நடக்கும்போது கைகள் மட்டும் அசையாமல் இருக்கும்; இடது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். நடு நடுவே திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே கேள்வி கேட்பார்: "அண்ணே, எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துச்சு?"

அவர் கேட்டது தண்ணீரை. முதுகில் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு துளை போட்டு, அதில் ஒரு குழலை நுழைத்து, அதன் வழியாகத்தான் கல்லை உடைப்பார்கள். உள்ளே பார்வை தெளிவாக இருக்க உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். போன நீர் துண்டுகளோடு திரும்பி வந்தால் நல்லது. வராமல் உள்ளேயே தங்கினால் அழுத்தம் ஏறும்; கல்லில் ஒளிந்திருந்த கிருமி ரத்தத்தில் கலக்கும். பிறகு குளிர்காய்ச்சல்தான். அதனால் மேலே தொங்கும் பைகளையும் கீழே இருக்கும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குச் சொல்வேன். தரையில் சிந்தியதை எதில் சேர்ப்பது என்பது என் தீராத கவலை.

ஒருமுறை பிள்ளையார்பாளையத்து அண்ணன் தம்பி இருவர் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் தறிதான் தொழில். ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழித்தறியில் உட்காருபவர்கள். குழியிலிருந்து அடிக்கடி எழுந்திருக்க வேண்டுமே என்று பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். "தறிய விட்டு எழுந்துக்க சோம்பல் பட்டுட்டு எங்கிட்ட வந்து படுத்துக்கறீங்க" என்று டாக்டரம்மா திட்டினார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "எழுந்தா இழை அறுந்துடும்மா" என்றார்.

அண்ணனுக்கு முதலில் நடந்தது. அன்று பழைய முறைதான். உடைப்பது, நீரைப் பாய்ச்சி அலசுவது, வராத துண்டை இடுக்கியால் பிடித்து இழுப்பது. பாதி வேலையில் நான் கணக்கைச் சொன்னேன்; போனதற்கும் வந்ததற்கும் நிறைய இடைவெளி. கால் தாளம் நின்றது. "போதும், முடிச்சுக்கலாம்" என்றார். வெளியே வந்த ஐந்து துண்டுகளைக் கழுவிக் குப்பியில் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் அதைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். சாயங்காலம் பல் கிட்டிக் கட்டில் ஆடுமளவுக்குக் குளிர் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மூன்று நாள் டாக்டரம்மா அந்தக் கட்டிலுக்கும் அரங்குக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

நான்காம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அவரை வார்டுக்கு மாற்றிய பிறகுதான் தம்பியை அரங்குக்குள் எடுத்தார்கள். அன்று டாக்டரம்மா அலமாரியிலிருந்து ஒரு புதுக் குழலைப் பிரிக்கச் சொன்னார். பக்கவாட்டில் ஒரு கிளை; அதில் நீரை உறிஞ்சும் சக்ஷன் மிஷினின் ரப்பர் குழாயை மாட்ட வேண்டும். கிளையில் ஒரு சிறு வாய் இருந்தது. நாகஸ்வரக்காரர் துளையை மூடித் திறப்பதுபோல டாக்டரம்மா அதைக் கட்டைவிரலால் மூடுவார், திறப்பார். மூடினால் இழுப்பு ஏறும்; துண்டும் தூளும் நீரோடு சர்ரென்று வெளியேறும். அதிகம் இழுத்தால் சிறுநீரகத்தின் உள்சுவரே சுருங்கி வந்து பார்வையை மறைக்கும். உடனே விரலை எடுப்பார். ஜாடியில் வந்து சேர்ந்த நீரும் உள்ளே போன நீரும் அன்று கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. எனக்கு அன்று மதியச் சாப்பாடு ருசித்தது.

வந்த வம்பு வேறு. தம்பியின் கல் தூளாகவே வந்துவிட்டது. தம்பி மனைவி ஜாடியைப் பார்த்துவிட்டு, "பெரியவருக்கு அஞ்சு கல்லு குடுத்தீங்க, எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் மஞ்சத்தண்ணியா?" என்று கேட்டார்.

"உனக்குக் கல்லு வேணுமா, புருஷன் வேணுமா?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டுந்தாம்மா வோணும்!"

பக்கத்துக் கட்டிலிலிருந்து அண்ணன், "தம்பிக்குக் கல்லே இல்லபா. சும்மா தள்ளிக்கினு போயி தள்ளிக்கினு வந்துட்டாங்க" என்று சீண்டினார். தம்பிக்குக் காய்ச்சல் வரவில்லை. அவர்தான் முதலில் வீட்டுக்குப் போனார். அண்ணனுக்கு உள்ளே ஒரு துண்டு தங்கியிருந்தது பிறகு ஸ்கேனில் தெரிந்தது. திரும்ப வந்து, இந்த முறை சக்ஷன் வைத்து எடுத்துக்கொண்டார். போகும்போது குப்பியை என் கையில் வைத்து, "நீயே வெச்சுக்கபா. இத நான் இன்னா மாலையா கோக்கறது?" என்றார்.

அப்படியானால் சக்ஷன்தான் ஜெயித்தது என்று நான் சொன்னபோது டாக்டரம்மா என்மேல் எரிந்து விழுந்தார். "ரெண்டு பேரை வெச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க அண்ணே. பெரியவருக்குக் கல்லு பெருசு, உள்ள சீழ் வேற இருந்துச்சு. சக்ஷன் வெச்சும் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம்." எண்களோடு இத்தனை வருடம் வாழ்ந்தவனுக்கு அது உறைக்க வேண்டிய இடத்தில் உறைத்தது.

இப்போது என் முறை. டாக்டரம்மாவின் இடத்தில் இப்போது இருக்கும் ஓர் இளம் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, முதுகில் துளை போட்டு அதே சக்ஷன் குழல். மற்றது, துளையே இல்லாமல் சிறுநீர்ப் பாதை வழியாக மேலே போகும் மெல்லிய குழல். அதன் நுனி வளைந்து சிறுநீரகத்தின் அறைகளுக்குள் போய் அங்கேயே கல்லைத் தூளாக்கி உறிஞ்சிவிடும். முதுகு வழியில் பெரிய கல்லும் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடுதல். கீழ் வழியில் காயம் இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும். என் கல் நடுத்தர அளவு, இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்கச் சொன்னால் நான் என்ன ஆவேன்? இந்தப் பக்கம் நான்கு காரணம், அந்தப் பக்கம் நான்கு. எதை எடுத்தாலும் அண்ணனுக்கு வந்த குளிர் எனக்கும் வந்துவிடுமோ, இந்த வயதில் எழுந்து இட்லி கேட்பேனா என்ற பயம் போகவில்லை. கடைசியில், மருத்துவமனை வேலையை விட்டுவிட்டுத் தன் மகளோடு வெளியூரில் இருக்கும் டாக்டரம்மாவுக்கே போன் செய்தேன்.

"கணக்கண்ணே! இன்னும் எண்ணிக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்று சிரித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குழலைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க. அந்தப் பையன் எதை அதிகமா செய்யறானோ அதைச் செய்யச் சொல்லுங்க. யூரின் கல்ச்சர் சரியா இருக்கான்னு மட்டும் முதல்ல கேளுங்க" என்றார். மூன்றே வாக்கியம். இதற்காகத்தான் நான் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்திருந்தேன்.

கல்ச்சர் பரிசோதனையில் சிறுநீரில் கிருமி இல்லை என்று வந்தது. இளம் டாக்டரின் கைக்குப் பழகியது கீழ் வழி. அப்படியே ஆகட்டும் என்றேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்ததால் விழித்தபடியே கிடந்தேன். சக்ஷன் மிஷினின் இரைச்சல் கேட்டது. ஜாடி மட்டும் என் பார்வைக்கு எட்டவில்லை. பொறுக்க முடியவில்லை. "எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். மயக்க மருந்து டாக்டர் சிரித்தார். "அதெல்லாம் மிஷின் பாத்துக்கும் தாத்தா" என்றாள் அங்கே நின்ற சிஸ்டர். சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஜாடியை என் தலைப்பக்கம் தூக்கிக் காட்டினாள். மேல் கோடு வரை நிறைந்திருந்தது; போனது வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மாவின் கால் தாளம் அங்கே எங்கோ கேட்பதுபோல இருந்தது.

காய்ச்சல் வரவில்லை. ஐந்து துண்டுகளின் குப்பிக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு குப்பி நிற்கிறது. அடியில் ஒரு சிட்டிகை பழுப்பு மணலாக என் கல். வெளிச்சத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாம் வந்துவிட்டதா, உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். அதுவரை குடிக்கும் தண்ணீரை டம்ளர் டம்ளராக எண்ணிக்கொண்டு, பழைய குப்பியை ஆட்டியபடி கூடத்தில் நடக்கிறேன். நேற்று என் மனைவி வந்து அதைப் பிடுங்கினாள். புதுக் குப்பியை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு அதை என் கையில் வைத்தாள்.

"இனிமே இத ஆட்டுங்க. சத்தம் வராது."