நமுத்த அப்பளமும் ஒரு ஹண்டர் விமானமும்

வித்யாலக்ஷ்மி ஒரே ஒரு அப்பளத்தைப் பொரித்து, தட்டில் போட்டுப் பால்கனியில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். கால் மணி கழித்து ஒடிப்பாள். முறிந்தால் அன்றைக்கு வார்னிஷ் அடிக்கலாம். வளைந்தால் கூடாது. கல்கத்தாவின் ஈரத்தை அளக்க இதைவிட நம்பகமான கருவி அவளுக்குத் தெரியாது. வளைந்ததைத் தின்பது கணவர் மாதவின் பாடு. "வருஷத்துல எட்டு மாசம் எனக்கு நமுத்ததுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

வயது ஐம்பத்து மூன்று. வீடு டாலிகஞ்சில், மூன்றாம் மாடி. பகலில் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில், எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று கணினியில் பதிகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் விமானம்தான். முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, வர்ணம் பூசி, மேலே நிறமில்லாத வார்னிஷ் அடிப்பாள். ஒட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது அவள் கட்சி. "பெயிண்ட் வரைக்கும் பொறுமை இருந்தாப் போறும். வார்னிஷுக்குத்தான் புத்தி வேணும்."

அவள் கணக்கில், பயணிகள் விமானம் பளபளக்கலாம். போர் விமானம் கூடாது. அதற்கு முதலில் பளபளப்புப் பூச்சு, அதன்மேல் வட்டமும் எண்ணும் போட்ட ஸ்டிக்கர், கடைசியில் எல்லாவற்றையும் அடக்கி மங்கலாக்கும் பூச்சு. ஜொலிக்கிற போர் விமானத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது என்ன, நகைக்கடை பொம்மையா?" என்று ஒரு கண்காட்சியில் முன்பின் தெரியாத ஆளிடமே கேட்டுவிட்டாள்.

கீழ்வீட்டு சுபீர் தா, அதாவது சுபீர் அண்ணா, விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். கலைகுண்டா தளத்தில் ஹண்டர் போர் விமானங்களோடு ஏழு வருஷம். இந்த ஆகஸ்டில் வீட்டை விற்றுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புனேயில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போவதாக இருந்தார். அவர் கையில் கொடுத்தனுப்ப வித்யாலக்ஷ்மி ஒரு ஹண்டர் செய்தாள். பச்சையும் மண் நிறமும், அவர் மனப்பாடமாகச் சொன்ன எண்ணும் ஏறிவிட்டன. மங்கல் பூச்சு மட்டும் பாக்கி.

வெள்ளிக்கிழமை அப்பளம் வளைந்தது. சனிக்கிழமை ஈரத்துணி மாதிரி தொங்கியது. வேறு நாள் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அப்பளத்தின் பேச்சை மீறி அடித்தாள். பத்தே நிமிஷத்தில், விபூதி பூசினாற்போல் விமானம் முழுக்க வெளுத்துவிட்டது. காற்றின் ஈரம் வார்னிஷில் மாட்டிக்கொண்டால் அப்படித்தான். அவள் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு மாதவ் கேலி செய்யவில்லை.

பிறகு எழுந்து, தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள்: மேலே பளபளப்பு வார்னிஷ். வெளுப்பு போயிற்று. ஆனால் விமானம் அவளுக்குப் பிடிக்காத எல்லா விமானங்களையும் போல் ஜொலித்தது. மறுபடி மங்கலாக்கக் காய்ந்த நாள் வேண்டும். அது நவம்பருக்கு முன்னால் வராது.

ஞாயிறு காலை, கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே சுபீர் தா உட்கார்ந்திருந்தார். வித்யாலக்ஷ்மி வங்காளியில் ஒரே மூச்சில் சொன்னாள்: "தாதா, தப்பாப் போச்சு. இப்படிப் பளபளக்கவே கூடாது. காளி பூஜை கழியட்டும், சரிபண்ணி புனேக்கு அனுப்பறேன்." அப்புறம்தான் கையிலிருந்த விமான டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

அவர் விமானத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வங்காளி வாயில் வித்யா 'பித்யா'தான்.

"பித்யா, பெயிண்ட் என்னவோ மங்கல்தான். நாங்கதான் தினம் காலையில தொடச்சுத் தொடச்சு இப்படி ஆக்கிடுவோம். எதிரி கண்ணுல படும்டான்னு ஆபீசர் கத்துவார். யார் கேட்டா? எங்க ப்ளேன் இல்லையா!"

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இடது இறக்கையைத் துடைக்க ஆரம்பித்தார். வார்னிஷ் கீறிவிடுமே என்று அவள் கை தானாக முன்னால் போய், பாதியில் நின்றது.

இடது இறக்கை முடிந்தது. அவர் நிமிராமலே கைக்குட்டையை அவள் பக்கம் நீட்டினார். வித்யாலக்ஷ்மி அதை வாங்கி, வலது இறக்கையைத் துடைத்தாள்.