சனிக்கிழமை நோயாளிகள்

கால்நடை மருத்துவர் வீரமலை பணி ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் தனியாக இருந்தார். மனைவி முன்பே போய்விட்டார். யாரும் மாட்டை ஓட்டிக்கொண்டு அவரைத் தேடி வருவதும் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது, இந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர்கள் நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றுதான்.

அதில் மடிவீக்கம், வயிற்று உப்புசம் என்று எங்கள் தொழிலைப் பற்றி எதையும் கேட்கலாம். வீரமலை சார் எக்ஸெல்லில் வரிசை எண் ஏன் தானாக வருவதில்லை என்று கேட்பார். ஒரு நாள் லால்குடியில் ஓர் எருமைக்குக் கன்று பாதி வெளியே வந்து நிற்க, ஒருவர் அவசர ஆலோசனை கேட்டிருந்தார். அதற்குக் கீழேயே இவர், பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றுவது எப்படி என்று கேட்டார். "சோப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக இழுக்கவும்" என்று பதில் வந்தது. வீரமலை சார் நன்றி சொன்னார்.

குழுவின் பொறுப்பாளர் மன்னார்புரம் டாக்டர் அமலராணி. மென்பொருள் கேள்விகள் இங்கே கூடாது, மீறினால் நீக்கம் என்று விதி போட்டார். பாதிப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

சில நாள் சத்தமில்லை. பிறகு வீரமலை சார், நாங்கள் வழக்கமாக எழுதும் முறைப்படியே ஒரு கேஸ் போட்டார். நோயாளி: மடிக்கணினி. வயது: ஆறு. அறிகுறி: மூச்சிரைப்பு, அடிவயிற்றில் சூடு, எழுந்த சற்று நேரத்தில் படுத்துவிடுகிறது. கொடுத்த சிகிச்சை: அணைத்து எழுப்பியது.

தடுப்பூசி முகாமில் மாடுகளுக்கு நடுவே நின்றிருந்த எங்கள் குழு டாக்டர் பஸீலா முதல் வரியைப் பார்க்கவில்லை. நிழலில் வையுங்கள், அடிவயிற்றில் காற்றுப் படட்டும் என்று அவசரமாக எழுதினார். வீரமலை சார் மெத்தை மேல் கிடந்த கணினியை எடுத்து இரண்டு செங்கல் மேல் வைத்தார். ஓடியது. "நோயாளி நலம். அசைபோடுகிறது" என்று படத்துடன் போட்டார்.

அமலராணி நீக்கியே தீருவது என்று முடிவு செய்தார். ஆனாலும் மூத்தவரை முகம் பார்க்காமல் நீக்க மனம் வரவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலுக்கு அவரை வரச் சொன்னார். நாங்கள் சிலரும் போயிருந்தோம்.

"சார், தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் கடை இருக்கு. அங்க கேக்கலாம்ல?"

"கேட்டேன் டாக்டரம்மா. அந்தத் தம்பி நல்லாத்தான் சொல்லித் தர்றான். ஆனா அங்கிள்ங்கிறான்." காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நீங்க திட்டினாக்கூட 'டாக்டர் வீரமலை, இது விதிமீறல்'னுதானே எழுதுறீங்க."

அமலராணி கைபேசியை எடுத்தார். நீக்கப் போகிறார் என்றே நினைத்தோம். விதியைத் திருத்தினார். மென்பொருள் கேள்விகள் சனிக்கிழமை மட்டும்; வயது, அறிகுறி, கொடுத்த சிகிச்சை ஆகிய விவரங்கள் கட்டாயம்.

அதன்பின் வீரமலை சார் வெள்ளிக்கிழமையே கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு, விடிவதற்காகக் காத்திருப்பார்.

இந்த ஐப்பசியில் போய்விட்டார். குழுவில் இரங்கல் செய்திகள் குவிந்தன. அவை கால்நடை சம்பந்தப்பட்டவைதானா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமை வெறுமையாகப் போயிற்று.

இன்று சனிக்கிழமை. மாலையில் அமலராணியிடமிருந்து ஒரு கேஸ் வந்தது. நோயாளி: பிரிண்டர். வயது: மூன்று. அறிகுறி: தாளை விழுங்குகிறது, வெளியே விட மறுக்கிறது. கொடுத்த சிகிச்சை: தட்டிக் கொடுத்தது.

பிறகு பஸீலாவின் பதில் வந்தது:

"மெதுவாக இழுங்கள், டாக்டர். சோப்புத் தண்ணீர் வேண்டாம்."