தெற்கே பொங்கிய பானை

இன்று காலை தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பொங்கல் பானை தெற்குப் பக்கம் பொங்கி வழிந்தது. ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்று வாங்கிய அரிசி!

சாத்தான்குளத்திலிருந்து வந்த பெரியப்பா எண் சோதிடம் பார்ப்பவர்.

"தெக்கு எமன் திசை. இந்த வருசம் மழை கிடையாது. அடுப்பு பத்தவச்சவ பொறந்த தேதி எட்டு, சனியோட எண்ணு."

அடுப்பு மூட்டியது தம்பி பெண்டாட்டி செல்லம். கல்யாணமாகி முதல் பொங்கல். அகப்பையை வைத்துவிட்டு அழுதாள். தம்பி குனிந்து கரும்பு சீவிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வாடைக்காத்து இந்தத் தள்ளு தள்ளுதே, பொறவு வடக்கயா பொங்கும்?" என்று கத்தினேன்.

செல்லத்தையே பரிமாற வைத்தேன். பெரியப்பா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றார்.

மழையை நிறுத்துகிற மருமகள் உங்கள் வீட்டிலும் உண்டா? துறைமுகத்தில் சொல்லிவைப்போம், புயல் கூண்டு ஏற்றும் வேலை மிச்சம்.